மேலே பளிங்கு, கீழே கீறல்கள்

உரோமை நகரின் பழைய மதில்வாயிலைக் கடந்து ஆப்பியா நெடுஞ்சாலை வழியே சென்றால் புனித செபஸ்தியார் பேராலயத்தை அடையலாம். மரத்தில் கட்டுண்டு நிற்கும் செபஸ்தியாரையே நம் ஊர்களில் கண்டு பழகிய நமக்கு, இங்கே அவர் பளிங்கில் சாய்ந்து கிடக்கும் காட்சி புதிதாயிருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்தினால் சிப்பியோனே பொர்கேசே இக்கோவிலைப் பரோக் பாணியில் புதுப்பித்தார். செதுக்கு வேலைப்பாடுடைய மரக்கூரை கண்ணைப் பறிக்கிறது.

எனினும் கீழே இறங்கியபின் கூரை மறந்துபோயிற்று.

'பள்ளங்களின் அருகே' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே 'கத்தகோம்பு' ஆயிற்று. மண் வெட்டியெடுத்த பள்ளங்கள் இருந்தமையால் முதலில் இவ்விடத்துக்கு மட்டும் வழங்கிய பெயர், பின்னர் நிலத்தடிக் கல்லறைகள் அனைத்திற்கும் பொதுவாயிற்று.

3-ஆம் நூற்றாண்டில் இங்கே ஒரு கூரைக்கொட்டகை இருந்தது. மக்கள் கூடி, நினைவு விருந்து உண்டு, சுவரின் பூச்சில் பேதுருவையும் பவுலையும் அழைத்துக் கீறிவைத்தனர். இலத்தீனிலும் கிரேக்கத்திலுமாக அறுநூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள். எழுத்துப் பிழைகளும் உண்டு. 'பவுலே, பேதுருவே, விக்டருக்காக மன்றாடுங்கள்' என்கிறது ஒன்று. விக்டர் பெரிய மனிதராயிருந்தால் கல்லில் வெட்டியிருப்பார்கள்!

திருத்தூதர் இருவரின் எலும்புகளும் 258-ஆம் ஆண்டில் இங்கே கொணரப்பட்டனவா என்று குருமடத்தில் மணிக்கணக்காக வாதிட்டிருக்கிறோம். அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. அச்சுவரின் முன் நின்றபோது அவ்வாதம் சிறுத்துப்போயிற்று. புனிதரின் பரிந்துரையை எளியோர் அன்றே நாடினர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

4-ஆம் நூற்றாண்டில் திருத்தூதர் பெயரால் பேராலயம் எழுப்பியவர்கள் கொட்டகையை இடித்து, மண்ணிட்டு நிரப்பி, அதன்மேல் தளமிட்டனர். அம்மண்ணே கீறல்களைக் காத்தது. 1915-இல் அகழ்ந்தபோது அவை வெளிப்பட்டன.

நாம் முதன்முதலாகப் பங்குப் பொறுப்பேற்ற ஊரில், கோவிலின் பின்சுவரில் மக்கள் கரியால் வேண்டுதல்களை எழுதிவைத்திருந்தனர். திருவிழாவுக்கு முன் அவற்றைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசச் செய்தோம். "என் மகன் பேரு அதுல இருந்துச்சே சாமி" என்றார் ஒரு மூதாட்டி. சுவர் சுத்தமாயிருக்க வேண்டும் என்று விளக்கி அனுப்பினோம்.

வழிகாட்டி அடுத்த கூட்டத்தை அழைத்து வரும்வரை, அந்த மகனின் பெயரை நினைவுகூர முயன்றுகொண்டிருந்தோம்.