கொண்டைப் பல்லியின் பேரினம்: நியூ கலிடோனியப் பல்லிகளின் வகைப்பாட்டு வரலாறு

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் உள்ளது நியூ கலிடோனியா. 1853இல் இத்தீவு பிரான்சின் வசமானபின் அங்கிருந்து பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விலங்கு மாதிரிகள் வந்து சேர்ந்தன. அங்கு பணியாற்றிய அல்ஃபோன்ஸ் கிஷெனோ, 1866இல் ஒரு பல்லியைப் புதிய சிற்றினமாக மட்டுமன்றிப் புதிய பேரினமாகவே அறிவித்தார். அவர் இட்ட பெயர் கொரிலோஃபஸ் சிலியேட்டஸ். இந்தப் பேரினம் 1883இல் கைவிடப்பட்டது. 129 ஆண்டுகள் கழித்து 2012இல் மீட்கப்பட்டது. கிஷெனோவே சரி என்று காலம் தீர்ப்பளித்ததாக இதைச் சொல்லிவிடலாம். ஆனால் நடந்தது வேறு. இடைப்பட்ட காலத்தில் பேரினம் என்பதற்கான அளவுகோலே மாறிவிட்டது.

முதலில் உயிரியைப் பார்ப்போம். கண்ணுக்கு மேலே வரிசையாக எழும் கூர்ச்செதில்கள் இமைமயிர் போலத் தோன்றும். அந்த வரிசை தலையின் இருபுறமும் பின்னோக்கி ஓடி முதுகின் தொடக்கம் வரை செல்லும். கொண்டைப் பல்லி என்று நாம் அழைக்கக் காரணம் இதுவே. உண்மையில் அதற்கு இமையே கிடையாது. கண்ணாடி போன்ற படலம் ஒன்று கண்ணை மூடியிருக்க, அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்கிறது. விரல்களின் அடியில் ஒட்டும் தகடுகள் உள்ளன. வால் நுனியின் அடிப்புறத்திலும் அதே வகைத் தகடுகள் உண்டு. கிளையைப் பற்றிக்கொள்ள வால் ஐந்தாவது காலாகப் பயன்படுகிறது. அந்த வால் ஒருமுறை அறுந்தால் மறுபடி முளைப்பதில்லை. நம் வீட்டுப் பல்லியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். காட்டில் காணப்படும் வளர்ந்த பல்லிகளில் பெரும்பாலானவை வாலற்றவை.

கிஷெனோவுக்கு இந்தக் கொண்டை தனிப் பேரினம் வகுக்கத் தக்க அடையாளமாக இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே அப்படிக் கருதவில்லை. பின்னாளில் இந்திய ஊர்வன பற்றிய தொகுப்பு நூலை 1890இல் எழுதி, நம் பல்லிகளையும் வரிசைப்படுத்தியவர் இவரே. நியூ கலிடோனியப் பல்லிகளைப் பற்றி 1883இல் எழுதிய கட்டுரையில் இவர் கொண்டைப் பல்லியை ராக்கோடாக்டைலஸ் என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார். அக்காலப் பல்லி வகைப்பாட்டில் விரலமைப்புக்கே முதலிடம். அந்த நோக்கில் தலைக் கொண்டை வெறும் அலங்காரம்தான். கையில் இருந்த சான்றை வைத்துப் பார்த்தால் பூலாஞ்சேயின் முடிவைக் குறைசொல்ல இயலாது என்பதே என் கருத்து.

ஆனால் அதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. இத்தீவின் பெரிய பல்லிகள் எல்லாம் ராக்கோடாக்டைலஸ் என்ற ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. சுவிட்சர்லாந்தின் ஜான் ரூ 1913இல் விவரித்த சராசினோரம் என்ற சிற்றினமும் அங்கேயே வைக்கப்பட்டது. (இலங்கை வேடர்களை ஆராய்ந்த சராசின் உறவினர்களின் பெயர்தான் அது.) இன்று வாழும் பல்லிகளில் மிகப் பெரியதான லீச்சியானஸும் அதே பேரினம், முட்டையிடாமல் குட்டி ஈனும் டிராக்கிரிங்கஸும் அதே பேரினம். முட்டையிடுவதும் குட்டி ஈனுவதும் ஒரு குழுவுக்குள் கலந்திருந்தபோதும் அந்தக் குழு கேள்விக்குள்ளாகவில்லை. உருவப் பெருமைதான் அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

இதற்கிடையே கொண்டைப் பல்லியே கண்ணில் படாமல் போனது. அது இரவில் உலவும். பகலில் மரங்களிலும் புதர்களிலும் பதுங்கிக் கிடக்கும். இனமே அழிந்தது என்று பலரும் நம்பியிருந்த நிலையில், ராபர்ட் சைப் உள்ளிட்டோரின் தேடலில் 1994இல் அது உயிருடன் கிடைத்தது. வகைப்பாட்டியலுக்கு இது பெரிய திருப்பம். அருங்காட்சியகக் குடுவையில் சாராயத்தில் ஊறிய பழைய உடலோடு, மரபணு ஆய்வுக்கு ஏற்ற புதிய திசுவும் இனி கிடைக்கும்.

2012இல் ஏரன் பௌவர், டாட் ஜாக்மன், ரோஸ் சாட்லியர், ஆன்டனி விட்டேக்கர் ஆகிய நால்வர் இப்பல்லிகளின் மரபணு வரிசைகளையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்து பேரினத்தை மறுவரையறை செய்தனர். ராக்கோடாக்டைலஸ் ஒரே மூதாதையின் முழு வழித்தோன்றலாக இல்லை என்பது அவர்களின் முடிவு. கொண்டைப் பல்லியும் சராசினோரமும் கொரிலோஃபஸ் என்ற பழைய பேரினத்துக்குத் திரும்பின. வடக்கே பெலெப் தீவுகளில் வாழும் புதிய சிற்றினமான பெலெப்பென்சிஸ் அவற்றோடு சேர்ந்தது. சஹுவா என்ற பல்லிக்கும் பெலெப்பின் இன்னொரு புதிய சிற்றினத்துக்கும் ம்னியாரோகெக்கோ என்ற பேரினம் பிறந்தது. லீச்சியானஸும் குட்டி ஈனும் பல்லிகளும் ராக்கோடாக்டைலஸிலேயே நின்றன. கிஷெனோவின் பெயர் இப்படித்தான் மீண்டது. ஆனால் அவர் காட்டிய கொண்டை இதற்குக் காரணமில்லை. கொண்டை இல்லாத சராசினோரமும் இன்று அதே பேரினத்தில்தான் இருக்கிறது.

உருவப் பெருமை உறவுக்குச் சான்றல்ல என்பதை இன்னும் வலுவாகக் காட்டியது மார்செய் அருங்காட்சியகத்தில் கிடந்த பாடம் செய்யப்பட்ட ஒரே ஒரு பல்லி. எங்கே பிடித்தது என்ற குறிப்பு அதில் இல்லை. மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை மட்டுமே சுமார் 37 சென்டிமீட்டர். லீச்சியானஸையும் விஞ்சிய அளவு. பௌவரும் அந்தோனி ரஸ்ஸலும் 1986இல் இதை விவரித்தபோது, நியூசிலாந்துப் பல்லிகளோடு கண்ட ஒற்றுமையால் ஹாப்லோடாக்டைலஸ் பேரினத்தில் வைத்தனர். நியூசிலாந்தில் பின்னர் எத்தடயமும் கிடைக்கவில்லை. 2023இல் அந்த உடலிலிருந்து பழைய மரபணுவைப் பிரித்தெடுத்த குழுவிலும் பௌவர் இருந்தார். விடை நியூ கலிடோனியாவைச் சுட்டியது. அதற்கு ஜைகார்கேனம் என்ற புதுப் பேரினம் வகுக்கப்பட்டது. அது நியூ கலிடோனியக் கிளையைச் சேர்ந்தது என்றாலும் லீச்சியானஸின் நேர்ச் சகோதரன் அல்ல. அந்தக் கிளைக்குள்ளேயே பேருருவம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.