அறைத்தோழன் இல்லாத காலம்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகவும் மாணவர் விடுதியின் காப்பாளராகவும் இருந்தேன். மனநல ஆலோசகர் என்று எங்களுக்குத் தனியாக யாரும் கிடையாது. ஒருவன் இரண்டு வேளை சாப்பிட வராவிட்டால் அறைத்தோழன் வந்து சொல்வான். சீனியர் ஒருவன் டீக்கடைக்கு அழைத்துப்போய்ப் பேச்சுக் கொடுப்பான். அதற்கும் சரிவராவிட்டால்தான் விஷயம் என்னிடம் வரும். தலைமுறை தலைமுறையாக எங்கள் விடுதிகளில் பிள்ளைகளின் மனதைக் காத்தது இந்த ஏற்பாடுதான்.

2020 மார்ச் 17 அன்று கொரோனாவால் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 31 வரைதான் என்று முதலில் அறிவித்ததால், தட்டு, டம்ளர், நோட்டு எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டு மாணவர்கள் பேருந்து ஏறினார்கள். ஆனால் மூடல் நீண்டது; ஜூன் மாதம் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக விடுதிகளையே தனிமைப்படுத்தும் மையத்துக்காக மாநகராட்சி கேட்டது.

ஆகஸ்டில் அரியர் தேர்வுகள் ரத்து என்று அப்போதைய முதலமைச்சர் அறிவித்ததும் ஊர் ஊராக நன்றிச் சுவரொட்டிகள் முளைத்தன. விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேறினோமா இல்லையா என்று தெரியாமலே பலர் அடுத்த ஆண்டுவரை காத்துக்கிடந்தார்கள். ஆன்லைன் வகுப்புகளுக்காக 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தது, பெரிய உதவிதான். ஆனால் பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு போன். மாணவி ஒருத்தி சிக்னலுக்காக ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். கொரோனாவை விட, வீட்டில் நடந்த கல்யாணப் பேச்சுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

பிப்ரவரியில் கல்லூரி திறந்து, மார்ச்சில் மறுபடியும் மூடியது. இரண்டாம் அலை ஓய்ந்து செப்டம்பர் 1 அன்று திறந்தபோது, 2020இல் சேர்ந்தவர்கள் இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவன் பெயர்கூடப் பலருக்குத் தெரியவில்லை. மெஸ்ஸில் உட்காராமல் தட்டை அறைக்கு எடுத்துப்போனார்கள். ஒருவன் பகலெல்லாம் தூங்கினான். தனியே அழைத்துக் கேட்டேன். "அப்பா தூங்குன பிறகுதான் சார் போன் கைக்கு வரும். ராத்திரி முழிச்சே பழகிடுச்சு" என்றான். அந்த அப்பா மே மாதம் இறந்துவிட்டார் என்பதை வெகுநேரம் கழித்தே சொன்னான். விடுதியில் அது யாருக்கும் தெரியாது. அவனைக் கேட்கும் அளவுக்கு அங்கே யாரும் அவனுக்குப் பழக்கமாகியிருக்கவில்லை.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடின, இளைஞர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. எங்கள் விடுதியில் நான் கண்டது, ஜூனியரைக் கவனிக்கும் பழக்கமே ஒரு தலைமுறைக்குக் கைமாறாமல் போனதை. மனநல உதவி எண்கள் வேண்டியவைதான். ஆனால் மனம் உடைந்தவன் தானாகப் போனை எடுப்பது அரிது. சாப்பிட வராததைப் பார்த்து வந்து சொல்ல அறைத்தோழன் வேண்டும். அவன் வந்து சொல்லும்போது, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அடுத்த தொற்று வரும்வரை இதற்குக் காத்திருக்கக் கூடாது.