பகா எண் வேட்டை – 6: காரணி எங்கே?

மெர்சென் பாதிரியார் 1644இல் விட்டுப்போன பட்டியல் நினைவிருக்கிறதா? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் கிடைக்கும்? 67 இரண்டுகள், 127 இரண்டுகள், 257 இரண்டுகள் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நிரூபணம் தரவில்லை. 31 இரண்டுகளுக்கு ஆய்லர் 1772இல் நிறுவினார். அந்த வரிசையில் அடுத்த பகா எண்ணுக்கு உலகம் நூறாண்டு காத்திருந்தது.

பிறகு வந்தார் எடுவார்ட் லூகாஸ். பிரான்சின் அமியான் நகரில் பிறந்தவர். பிரஷ்யப் போரில் பீரங்கிப் படை அதிகாரி. பிறகு பள்ளி ஆசிரியர். நம் பிள்ளைகள் கணினி வகுப்பில் படிக்கும் ‘ஹனோய் கோபுரம்’ புதிர் இவர் தந்ததுதான்.

காரணி தேடி ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கும் வேலையையே லூகாஸ் தூக்கிப் போட்டார். அவர் வழியைச் சிறிய எண்ணில் பார்ப்போம். 7 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. அது பகா எண்ணா? 3இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் 2 போனால் 7. மறுபடி அதையே செய்தால் 47. அடுத்தது 2207, 127ஐத் தாண்டிவிட்டதால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 48. அடுத்தது 16. அதன் வர்க்கத்தில் 2 போனால் 254, அதாவது இரண்டு 127. மீதி பூஜ்யம்! வரிசையின் ஆறாவது இடத்தில் பூஜ்யம் விழுந்ததால் 127 பகா எண். ஏழு இரண்டுகளுக்கு ஆறாவது இடம். தாளில் முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இதே வழியில் 127 இரண்டுகளுக்கு 126ஆம் இடம் வரை போக வேண்டும். எண்ணோ 39 இலக்கம்! கையால் போட்ட கணக்கு. 1876இல் லூகாஸ் அறிவித்தார்: பகா எண்தான். அதை மிஞ்சிய பகா எண் 1951 வரை யாருக்கும் அகப்படவில்லை.

அதே ஆண்டு 67 இரண்டுகளையும் சோதித்தார். வந்த எண் 147573952589676412927. பூஜ்யம் விழவில்லை. ஆக, மெர்சென் சொன்னது தவறு. இது பகு எண்.

அப்படியானால் எந்த இரண்டு எண்களின் பெருக்கல் இது? லூகாஸின் வழி அதைச் சொல்லாது. உடையும் என்று தெரியும். எங்கே உடையும் என்று தெரியாது. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

1903 அக்டோபர், நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். பேச வேண்டிய பேராசிரியர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். அவர் வாயே திறக்கவில்லை என்பார்கள். சாக்கட்டியை மட்டும் எடுத்தார்...

(தொடரும்)