2001 மொக்கையா, 2010 மொக்கையா: அம்பது வருஷத்துக்கும் மேலான ஒரு பஞ்சாயத்து

சினிமா பைத்தியம் பிடித்த நாலு பேர் கூடின இடத்தில் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ரெண்டு பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒருத்தர் கொட்டாவி விடுவார். மிச்சம் இருக்கிறவர், "அதோட ரெண்டாம் பாகம் ஒண்ணு வந்துச்சே, அது தேவலாம், புரியும்" என்பார். உடனே முதல் ரெண்டு பேரும் அவர்மேல் பாய்வார்கள். இந்தச் சண்டை நேத்து ஆரம்பித்ததில்லை. படம் வந்த 1968லிருந்து நடக்கிறது. அதோட வரலாற்றைக் கொஞ்சம் கிளறலாம் என்றுதான் இந்தப் பதிவு. நடுவில் ஒரு தமிழ்ப் பெயரும், எங்க ஆரணித் தறியும் வரும். பொறுமையாப் படிங்க, படமே அப்படித்தானே :-)

முதல்ல பழைய கதை. ஆர்தர் சி. கிளார்க் இங்கிலாந்துக்காரர் என்றாலும் 1956ல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் கொழும்பில் சாகிற வரைக்கும் அங்கேயே இருந்தவர். 1964ல் ஸ்டான்லி குப்ரிக் அவருக்குக் கடிதம் போட்டு, நல்ல தரமான விண்வெளிப் படம் ஒண்ணு எடுக்கலாம் வாங்க என்று கூப்பிட்டார். கிளார்க் ஏற்கெனவே எழுதியிருந்த 'தி சென்டினல்' என்ற சின்னக் கதைதான் விதை. நிலாவில் யாரோ விட்டுப்போன பொருள் ஒன்று மனிதன் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் கதை. அதை வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் நாவலையும் திரைக்கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள்.

படம் 1968 ஏப்ரல் 2ஆம் தேதி வாஷிங்டனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சும்மா இல்லை, கிட்டத்தட்ட 161 நிமிஷம். முதல் இருபத்தஞ்சு நிமிஷம் ஒரு வசனம் கிடையாது, குரங்குகள்தான். கடைசி இருபது நிமிஷத்துக்கு மேல் மறுபடியும் வசனம் கிடையாது. நடுவில் பேசுகிறவர்களும் முக்கியமான எதையும் பேசுவதில்லை. ஆரம்பக் காட்சிகளிலேயே எழுந்து வெளியே போனவர்கள் நிறைய. குப்ரிக் சில நாளுக்குள்ளேயே கத்திரியை எடுத்து 19 நிமிஷம் வெட்டினார். இன்றைக்கு நாம் பார்ப்பது அந்த 142 நிமிஷப் படத்தைத்தான். வெட்டியும் இவ்வளவு நீளமா என்று கேட்காதீர்கள்.

விமர்சகர்கள் சும்மா விடுவார்களா? நியூயார்க் டைம்ஸில் ரெனாட்டா ஆட்லர், படம் மயக்குவதற்கும் பயங்கரமாகப் போரடிப்பதற்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது என்கிற மாதிரி எழுதினார். ஸ்டான்லி காஃப்மன் படுமந்தம் என்றார். பாலின் கேல் ஒரு படி மேலே போய், இதில் கற்பனையே இல்லை என்று போட்டுத் தாக்கினார். அதே சமயம் சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் என்கிற இருபத்தஞ்சு வயசுப் பையன் நாலு நட்சத்திரம் கொடுத்தார். ஆண்ட்ரூ சாரிஸ் முதலில் திட்டினார், பிறகு மறுபடி பார்த்து மனசு மாறி அதையும் அச்சிலேயே எழுதினார். எனக்கு இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பிடித்தவர் இவர்தான்.

படத்தைக் காப்பாற்றினவர்கள் இளவட்டங்கள். அவர்கள் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனியும் புரிந்துகொண்டு விளம்பரத்தையே அவர்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றியது. ஆஸ்கரில் சிறப்பு ஒளிக்காட்சிக்காக ஒன்றே ஒன்று கிடைத்தது. குப்ரிக் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கர் அதுதான். ரஷ்யாவில் தார்கோவ்ஸ்கிக்கு இந்தப் படம் குளிர்ந்துபோய், உயிரில்லாமல் தெரிந்தது. 1972ல் அவர் எடுத்த 'சோலாரிஸ்' இதைவிட நீளம், இதைவிட மெதுவு! ஆக, மெதுவாக இருக்கிறது என்பது மட்டுமே புகார் இல்லை. எதற்காக மெதுவு என்பதில்தான் பெரிய ஆட்களுக்குள்ளேயே சண்டை.

குப்ரிக்குக்கு இந்த மெதுவு தற்செயலாக வந்ததில்லை. படத்துக்கு முன்னால் நிஜ விஞ்ஞானிகள் பேசுகிற மாதிரி ஒரு பகுதி எடுத்திருந்தார், தூக்கிவிட்டார். பின்னணியில் கதை சொல்லும் குரலுக்காகக் கிளார்க் பக்கம் பக்கமாக எழுதினார், அதையும் தூக்கிவிட்டார். விளக்கம் எல்லாம் கிளார்க்கின் நாவலுக்குப் போனது, அது படத்துக்கு அப்புறம் அதே 1968ல் வந்தது. ஹால் என்கிற கம்ப்யூட்டர் ஏன் கொலை செய்தது என்பதற்கு அந்த நாவலிலேயே பதில் இருக்கிறது. படத்தில் கிடையாது. உட்கார்ந்து பார்க்கிறவன் தானே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டார் மனுஷன்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஊர்க்கதை. எங்கப்பா ஆரணியில் முப்பது வருஷம் பட்டுத்தறி நெய்தவர். ஒரு சேலை அறுத்து இறக்கப் பத்து நாளும் ஆகும், டிசைன் கனமாக இருந்தால் இருபது நாளும் ஆகும். லேப்டாப்பில் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். என் ரூம்மேட் அரை மணியில், "மச்சி, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்ட படம். அப்பா கேட்கவில்லை. விண்கலம் சுழன்று சுழன்று நிலையத்தில் போய்ச் சேருகிற காட்சியை அசையாமல் பார்த்துவிட்டு, "இவன் எதையும் அவசரப்படுத்தலடா. போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவுமோ அவ்ளோ நேரம் காட்டறான்" என்றார். வேலைக்கு ஆகிற நேரத்தையும் வேலையையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகாதவர். கடைசியில் கலர் கலராக வெளிச்சம் ஓடுகிற இடம் வந்தபோது, "இது எனக்கு ஆவாது, டீ போடச் சொல்லு" என்று எழுந்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பாவை அறிவுஜீவி ஆக்கிவிட்டதாகச் சொல்வீர்கள் :-)

இப்போ ரெண்டாம் பாகத்துக்கு வருவோம். இனிமேல் தொடர்ச்சி கிடையாது என்றுதான் கிளார்க் நெடுநாள் இருந்தார். 1979ல் ரெண்டு வாயேஜர் விண்கலங்களும் வியாழனைக் கடந்துபோய்ப் படம் அனுப்பின. அயோவில் எரிமலை, யுரோப்பாவில் பனிக்கட்டி. 1968ல் ஊகமாக எழுதின இடம் இப்போது நிஜமாகக் கண்முன்னால் நிற்கிறது. 1982ல் '2010: ஒடிஸி டூ' நாவல் வந்தது. முதல் நாவலில் கப்பல் சனிக்கிரகத்துக்குப் போகும், படத்தில் வியாழனுக்குப் போகும். கிளார்க் தன் நாவலை விட்டுவிட்டுக் குப்ரிக் படத்தை ஒட்டித் தொடர்ந்தார். தான் எழுதியதையே விட்டுக்கொடுத்த எழுத்தாளர் எத்தனை பேர் இருப்பார்கள்?

நம்ம பொட்டிதட்டும் ஜாதிக்கு இனிக்கிற ஒரு தகவல். இந்த நாவலை அவர் கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டாரில் அடித்து, ஒரே ஒரு அஞ்சு இஞ்ச் பிளாப்பியில் கொழும்பிலிருந்து நியூயார்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை தரைநிலையம் வழியாகச் செயற்கைக்கோளில் போயின. பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களால் உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதினவர், தன் பிழைதிருத்தத்தை அதே வழியில் அனுப்புகிறார்!

அடுத்தது அந்தத் தமிழ்ப் பெயர். ஹாலை உருவாக்கின டாக்டர் சந்திராவை ஞாபகம் இருக்கா? நாவலில் அவர் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலோ திருநெல்வேலியிலோ வாசல் பெயர்ப்பலகையில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். உலகத்தின் பிரபலமான கற்பனைக் கம்ப்யூட்டரைப் பெற்றவருக்கு இப்படி ஒரு பெயர். 1968 படத்தில் ஹாலின் வாத்தியார் லாங்லி என்று ஒரு வெள்ளைக்காரர். 1984 படத்தில் சந்திரா வந்தார், ஆனால் முதலெழுத்து 'ஆர்' ஆகிவிட்டது, நடித்தவர் பாப் பாலபன் என்கிற அமெரிக்கர். பிள்ளைவாள் நாவலோடு நின்றுவிட்டார்.

படத்தை எடுத்தவர் பீட்டர் ஹையம்ஸ். குப்ரிக்கிடம் சம்மதம் கேட்டபோது, உன் படத்தை நீ எடு என்கிற மாதிரி சொல்லி விட்டுவிட்டார். ஆனால் பழைய கப்பல் மாதிரிகள், வரைபடங்கள் எதுவும் மிச்சமில்லை, குப்ரிக் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருந்தார். பழைய படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் டிஸ்கவரி கப்பலை மறுபடி கட்டினார்கள். கிளார்க் கொழும்பில், ஹையம்ஸ் லாஸ் ஏஞ்சலஸில். ரெண்டு பேரும் கேப்ரோ கம்ப்யூட்டரும் மோடமும் வைத்து தினம் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். அது 'தி ஒடிஸி ஃபைல்' என்று தனிப் புத்தகமாகவே வந்தது. இது நடந்தது 1983-84ல். அந்த 1983 ஜூலையில்தான் அதே கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஒரே ஊர், ஒரே வருஷம். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பார்த்துத் தேடிப் போன கூட்டத்தின் முன்னால், சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்ற பெயரோடு வாசலில் நிற்க முடிந்திருக்காது. இதை கிளார்க் மேல் குறையாகச் சொல்லவில்லை. வரலாற்றைப் படிக்கும்போது ரெண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

1984 டிசம்பரில் படம் வந்தது. 116 நிமிஷம். எல்லாரும் பேசுகிறார்கள், நிறையவே பேசுகிறார்கள். ராய் ஷைடர், ஹெலன் மிர்ரன், ஜான் லித்கோ என்று நல்ல நடிகர்கள். ஹாலின் குரல் அதே டக்ளஸ் ரெய்ன். நாவலில் பெரிதாக இல்லாத அமெரிக்க - சோவியத் போர்ப் பதற்றத்தை ஹையம்ஸ் படத்தில் முன்னுக்குக் கொண்டுவந்தார், ரீகன் காலமாச்சே. அஞ்சு ஆஸ்கர் பரிந்துரை, ஒண்ணும் கிடைக்கவில்லை. ஈபர்ட் மூணு நட்சத்திரம் கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம்: முதல் படத்தோடு ஒப்பிடாமல் பார்த்தால் நல்ல படம். இன்றுவரைக்கும் பலர் கருத்து இதுதான்.

சோவியத் பக்கம் நடந்தது இன்னும் வேடிக்கை. நாவல் லியோனவ், சகாரவ் என்ற ரெண்டு ரஷ்யர்களுக்குச் சமர்ப்பணம். சகாரவ் அப்போது நாடு கடத்தப்படாத குறையாகக் கோர்க்கியில் அடைபட்டுக் கிடந்தவர். 1984ல் ஒரு மாஸ்கோ பத்திரிகை நாவலைத் தொடராகப் போட ஆரம்பித்தது. கப்பலில் இருக்கும் ரஷ்யர்களின் பெயரெல்லாம் அரசை எதிர்த்தவர்களின் பெயர்கள் என்று யாரோ கண்டுபிடிக்க, தொடர் பாதியில் நின்றது. ஆசிரியர் வேலையும் போனது. பெயருக்குள் இவ்வளவு இருக்கிறது!

சரி, என் தீர்ப்பு என்ன? 2010ஐத் திட்டுகிறவர்களின் வாதம், அது எல்லாவற்றையும் விளக்கிக் கெடுத்துவிட்டது என்பது. பாதி ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கறுப்புப் பலகைக்குக் காரணகாரியம் சொல்லும்போது அது சின்னதாகிவிடுகிறது. ஆனால் ஹால் விஷயத்தில் விளக்கம் தேவைப்பட்டது. தகவலை மறைக்காமல், திரிக்காமல் கொடுப்பதற்காகக் கட்டின இயந்திரத்திடம், பயணத்தின் நிஜ நோக்கத்தைக் கூடவே இருக்கும் ரெண்டு பேரிடம் மறை என்று மேலிடம் உத்தரவு போடுகிறது. ரெண்டு கட்டளையும் ஒன்றோடொன்று மோத, ஹால் கெட்டுப்போகிறது. சந்திரா கோபப்படுவது ஹால் மேல் இல்லை, உத்தரவு போட்டவர்கள் மேல். கோட் எழுதி வயிறு கழுவுகிற எனக்கு இது சினிமா மாதிரியே தெரியவில்லை. முரணான ரெண்டு ரிக்வயர்மென்டை மேலே இருந்து கொடுத்துவிட்டு, உடைந்ததும் ப்ரோக்ராமைக் குறை சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இன்றைக்கு வீட்டுக்கு வீடு பேசும் இயந்திரம் வந்துவிட்ட காலத்தில், 'இயந்திரம் கெட்டதா, சொல்லிக்கொடுத்தவன் கெட்டவனா' என்ற கேள்வியை 2010 நேராகவே கேட்கிறது. 2001ஐ மட்டும் பார்த்தவன் ஹாலைப் பார்த்துப் பயப்படுவான். ரெண்டையும் பார்த்தவன் உத்தரவு போட்டவனைப் பார்த்துப் பயப்படுவான். எனக்கு ரெண்டாவது பயம்தான் உபயோகமானதாகப் படுகிறது.

கடைசியில் சந்திரா ஹாலிடம், நீ அழியக்கூடும் என்ற உண்மையைச் சொல்லிவிடுகிறார். அப்பா இதையும் பார்த்தார். "மெஷினாண்ட பொய் சொல்லாம இருக்கான் பாரு, நல்ல மனுஷன்" என்றார்.

தறியில் ஒரு பாவு தீர்ந்தால் கட்டையில் மிச்சம் இருக்கும் பழைய இழைகளோடு புதுப் பாவை இழை இழையாக இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. இணைத்த இடம் சேலையில் வராது, ஆனால் அது இல்லாமல் அடுத்த சேலை கிடையாது. 2010 அந்த மாதிரி வேலை என்று நினைக்கிறேன். அழகுக்கு 2001தான், சந்தேகமே இல்லை. 2022ல் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை உலக இயக்குநர்களிடம் ஓட்டு எடுத்தபோது முதலிடம் அதற்குத்தான் வந்தது. 1968ல் எழுந்து போனவர்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். எங்க வீட்டில் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு, அதனால் மெதுவான வேலைக்கு எப்போதும் கடைசியில் மரியாதை கிடைத்தே தீரும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சிலதுக்குக் கிடைக்கிறது.

கொசுறு: ஹால் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரு எழுத்து தள்ளினால் ஐபிஎம் வரும். தற்செயல்தான் என்று கிளார்க் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தார், நம்ம சந்திரசேகரம்பிள்ளை வாயாலும் மறுக்க வைத்தார். யாரும் நம்புகிற மாதிரி இல்லை :-)