சி. சு. செல்லப்பா (1912–1998)

சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா, நாவலாசிரியராகவும் விமர்சகராகவும் பத்திராதிபராகவும் விளங்கிய தேசபக்தர். 1912 செப்டம்பர் 29-ஆம் நாள் பிறந்தார்; நிலக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்த வத்தலக்குண்டு அவர் வளர்ந்த ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' இயற்றிய ராஜம் ஐயரையும், 'மணிக்கொடி'யை நடத்திய பி. எஸ். ராமையாவையும் ஈன்ற அச்சிற்றூர் தமிழ்ப் புனைகதைக்குச் செய்துள்ள உபகாரம் மிகப் பெரிது.

மதுரையில் கல்லூரிக் கல்வி பயின்ற செல்லப்பா, காந்தியடிகளின் இயக்கத்தில் ஈடுபட்டு, 1941-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். ஆயினும், தம் அரசியலைக் கதைகளில் பிரசாரமாக ஏற்றிவைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. ஒரே பிற்பகலில் நிகழ்ந்து முடியும் 'வாடிவாசல்' (1959) இதற்குச் சான்று. தன் தந்தை அம்புலியின் உயிரைக் குடித்த காரிக்காளையை அணைய வரும் பிச்சிக்கும், அக்காளையின்மீது தன் கௌரவம் முழுவதையும் பணயமாக வைத்துவிட்ட ஜமீன்தாருக்கும் இடையே நிகழும் அப்போரில், அதிகாரம் என்பது யாது, அதன் எதிரே எளிய மனிதனின் மானம் எவ்வாறு நிமிர்ந்து நிற்கிறது என்பதை, ஆசிரியர் ஒரு சொல்லாலும் விளக்கிக் கூறாமலே நாம் உணர்கிறோம். தோற்ற காளையை ஜமீன்தாரே சுட்டுக் கொல்லும் இடத்திற்கு நிகராகத் தமிழ் நாவல்களில் வேறொன்றைச் சுட்டுதல் அரிது.

1959 ஜனவரியில் அவர் தொடங்கிய 'எழுத்து', விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் களமாகி, 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. ந. பிச்சமூர்த்தி, பிரமிள், வெங்கட் சாமிநாதன் ஆகியோரின் ஆக்கங்களை அது தாங்கிவந்தது. 'ஜீவனாம்சம்' நாவலும் அவ்விதழில் தொடராக வந்ததே. நஷ்டத்தைப் பொருட்படுத்தாது, புத்தக மூட்டையைத் தாமே சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்ற அவருடைய உறுதியில், சிறைவாசம் ஏற்ற சத்தியாக்கிரகியையே காண்கிறோம்.

முதுமையில், பிறர் உதவியை எதிர்பாராமல் 1997-இல் தாமே வெளியிட்ட 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்கள் கொண்டது. தலைவர்களின் சரித்திரத்தில் இடம்பெறாத சாமானியத் தொண்டர்களின் தியாகத்தை அது விரிவாகப் பதிவு செய்கிறது. அவ்விரிவு சில இடங்களில் கதையின் வேகத்தைக் குறைப்பினும், அக்காலத்தை உள்ளிருந்து கண்டவரின் சாட்சியம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1998 டிசம்பர் 18-ஆம் நாள் செல்லப்பா காலமானார். 2001-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு, அவர் மறைவுக்குப் பின் அந்நாவலுக்கு வழங்கப்பெற்றது.