மைசூர் ஓவியத்தில் நிற்கும் அந்த மூன்று பெண்கள் யார்?

சில வருஷங்களாக நான் அடிக்கடி திறந்து பார்க்கும் ஓவியம் ஒன்று உண்டு. தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ்காரர் 1805 வாக்கில் வரைந்தது. மூன்று இந்தியப் பெண்கள் நிற்கிறார்கள். உடம்பு முழுக்க நகை. வலது பக்கம் நிற்பவள் இடது தோளில் புடவையைக் கொஞ்சம் விலக்கி, கையால் அந்த இடத்தைச் சுட்டுகிறாள். இடது பக்கம் நிற்பவளின் மூக்குக்குக் கீழும் வாயைச் சுற்றியும் தோல் நிறம் மாறியிருக்கிறது. இந்தப் பெண்கள் நடனமாதர்கள், இல்லாவிட்டால் தாசிகள் என்றுதான் ரொம்ப காலமாக நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. ஹிக்கி 1741-ல் டப்ளினில் பிறந்தவர். 1760-களில் இத்தாலியில் இருந்து ஓவியம் பயின்றார். பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைப் பார்த்து வரையும் நவசெவ்வியல் பாணி அங்கே சூடு பிடித்த காலம் அது. அந்த மரபில் மூன்று பெண்கள் சேர்ந்து நின்றால் பார்ப்பவர் மனசுக்கு வருவது கிரேக்கப் புராணத்தின் மூன்று அழகு தேவதைகள். அழகைக் காட்ட நிற்கிறார்கள், அவ்வளவுதான், பேர் எதற்கு? இதோடு இன்னொரு எண்ணமும் சேர்ந்துகொண்டது: அந்தப்புரத்துப் பெண் வெள்ளைக்கார ஓவியன் முன்னால் வந்து நிற்கமாட்டாள், அதனால் நிற்பவள் ஆட்டக்காரியாகத்தான் இருக்கணும். இரண்டு ஊகமும் சேர்ந்து ஓவியத்துக்கு ஒரு லேபிள் ஒட்டிவிட்டன.

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவையை எடைபோடுபவர் கடைக்காரர் சொன்ன பேரை நம்பமாட்டார். புடவையைத் திருப்பிப் போடுவார், உடலும் கரையும் சேரும் கோர்வையைத் தடவிப் பார்ப்பார், ஜரிகையைப் பார்ப்பார், பிறகுதான் பேசுவார். கேம்பிரிட்ஜ் வரலாற்று ஆய்வாளர் நைஜல் சான்சலர் இந்த ஓவியத்துக்குச் செய்தது கிட்டத்தட்ட அதே வேலை. 2001-ல் மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. 2007-ல் ஓவியம் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது விஷயம் வெளியிலும் பரவியது.

அவர் முதலில் பிடித்தது நகையை. கையை மூடும் கனமான தங்க வளையல்களும் தலை அணிகளும் மைசூர் உடையார் அரசிகளுக்கே உரியவை என்கிறார். இரண்டாவது, வரைந்த ஆள். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த சமயத்தில் மதராஸில் இருந்த ஹிக்கி, அந்தப் போரை ஒட்டிய மனிதர்களை வரிசையாக வரைந்தார். மைசூர் திவான் பூர்ணய்யாவையும் வரைந்திருக்கிறார். அந்த அரண்மனை அவருக்குப் புதிய இடம் இல்லை.

மூன்றாவது தடயம்தான் கதையைத் திறக்கிறது. புடவை ஏன் விலகியிருக்கிறது? கை எதைக் காட்டுகிறது? சான்சலர் சொல்லும் பதில்: அம்மை குத்திய இடத்தை.

இங்கே பெரியம்மையைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையின் பாலைக் குத்தினால் பெரியம்மை வராது என்று 1796-ல் சோதித்து, 1798-ல் எழுதினார். இந்தியாவில் முதலில் குத்திக்கொண்டது பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற 3 வயதுக் குழந்தை, 1802 ஜூனில். அப்போது ஃபிரிட்ஜ் ஏது? ஒரு குழந்தையின் கையில் பொங்கிய கொப்புளத்திலிருந்து பாலை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். அந்தச் சங்கிலி அறுந்தால் தடுப்பு மருந்தே இல்லை. யார் உடம்பிலிருந்து வந்த பால், என்ன ஜாதி என்ற கேள்வி உடனே எழுந்தது. போதாக்குறைக்கு, நம் ஊரில் அம்மை என்பது அம்மன் இறங்குவது. வேப்பிலை கட்டி, குளிரவைத்து, மரியாதையாக வழியனுப்பவேண்டிய விருந்தாளி. அவளைக் கத்தி முனையில் தடுப்பதா?

ஏற்கெனவே பழைய முறை ஒன்றும் புழக்கத்தில் இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளப் பொருளையே எடுத்து, நோயில்லாதவருக்குத் தோலில் கீறியோ, காய்ந்த பொருக்கைப் பொடித்து மூக்கில் ஊதியோ லேசான அம்மையை வரவழைப்பது. அதில் ஆபத்து அதிகம், அடுத்தவருக்கும் தொற்றும். இதைத் தொழிலாகச் செய்தவர்களுக்குப் புது ஊசி வயிற்றில் அடித்தது.

இப்போது இடது பக்கப் பெண்ணைத் திரும்பப் பாருங்கள். மூக்கைச் சுற்றி நிற மாற்றம். சான்சலர் இதைப் பழைய முறையின் சுவடாக வாசிக்கிறார். ஒருத்தி முகத்தில் பழைய முறை விட்ட தழும்பு, இன்னொருத்தி தோளில் புடவைக்குள் மறைந்துபோகும் சின்னத் தடம். அப்படியானால் இது ஒரு விளம்பரப் படம். அரண்மனை ராணியே குத்திக்கொண்டாள், உனக்கென்ன தயக்கம் என்று கேட்கிற படம்.

அவர் சொல்லும் பேர்கள் இவை. வலது பக்கம் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி தேவாஜம்மணி. இடது பக்கம் மூத்த ராணி, அவர் பேரும் தேவாஜம்மணிதான். நடுவில் ராஜாவின் பாட்டி லட்சுமி அம்மணி. திப்பு 1799 மே 4 அன்று இறந்ததும், 5 வயதுகூட நிறையாத பேரனை அரியணையில் ஏற்றி ராஜப்பிரதிநிதியாக இருந்தவர் இந்தப் பாட்டி. கும்பினியோடு வருஷக்கணக்காகப் பேச்சு நடத்தியவரும் இவர்தான். அவருடைய கணவரும் பெரியம்மையில்தான் போனார் என்கிறார் சான்சலர். அப்படிப்பட்டவர் நடுவில் நிற்பது சம்மதத்தின் முத்திரை மாதிரி. இளைய ராணி குத்திக்கொண்டதைப் பார்த்து ஜனங்கள் முன்வந்தார்கள் என்று 1806-ஆம் வருஷக் கும்பினி ஆவணம் சொல்வதையும் அவர் எடுத்து வைக்கிறார்.

கோட் எழுதுகிறவன் என்பதால் தடயங்களுக்கு மார்க் போட்டுப் பார்த்தேன். நகை வலுவானது, அது பார்வைக்கே தெரிகிறது. ஆவணம் படத்துக்கு வெளியிலிருந்து வருகிறது, அதனால் இன்னும் வலு. முகத்தின் நிற மாற்றம்தான் மென்மையான இடம். பழைய வண்ணம் காலப்போக்கில் மாறலாம், ஓவியர் நிழலாகவும் தீட்டியிருக்கலாம். ஆனால் அதை எடுத்துவிட்டாலும் மற்றவை விழுவதில்லை. விலகிய புடவைக்கும் சுட்டும் விரலுக்கும் நடனமாதர் கதையில் பொருத்தமான காரணமே கிடையாது.

எங்க ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு நேர் எதிரான உதாரணம் இருக்கிறது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். திப்பு அந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டவைத்தார். அங்கே பல்லக்கில் இருப்பவர் பெய்லி, யானைமேல் வருபவர் ஹைதர் என்று கைடு விரல் நீட்டிச் சொல்வார். போரில் நின்ற ஆண்களுக்கு அன்றிலிருந்து இன்றுவரை பேர் உண்டு. அதே மைசூர் அரண்மனையின் பெண்கள், ஒரு கொள்ளைநோய்க்கு எதிராக முன்வந்து நின்றவர்கள், பேர் தெரிய சுமார் 200 வருஷம் ஆச்சு.

இன்னொன்றும் சொல்லணும். இளைய ராணிக்கு அப்போது 12 வயதை ஒட்டித்தான். குத்திக்கொள்வதும் படத்துக்கு நிற்பதும் அவள் எடுத்த முடிவுகளாக இருந்திருக்க வழியில்லை. பாட்டியும் கும்பினியும் சேர்ந்து எடுத்த முடிவு அவள் தோளில் இறங்கியது. அவளை வீராங்கனை ஆக்கினாலும் அது இன்னொரு லேபிள்தான்.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-ல். 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இந்த ஓவியத்தை இன்றும் ‘மைசூரின் மூன்று இளவரசிகள்’ என்றே சொல்கிறார்கள். சான்சலர் சொல்வது சரியென்றால் அதில் ஒருத்தர்கூட இளவரசி இல்லை: இரண்டு ராணிகள், ஒரு ராஜமாதா.