எடுத்தல்

எடுத்தல் என்பது தமிழில் மிகப் பரவலாக வழங்கும் கூட்டுவினைகளை ஆக்கும் வினைச்சொல். எச்சவினையோடும் பெயரோடும் சேர்ந்து வரும், பெயருக்கேற்பப் பொருள் மாறும்.

அகழ்தல்: கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் சுரங்க வாளிச்சக்கர எந்திரங்கள் மேல்மண்ணை நீக்கிப் பழுப்பு நிலக்கரியை ‘வெட்டி எடுக்கின்றன’. ஒத்த சொற்கள்: அகழ், தோண்டு, கல்லு. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தில் உள்ள நிலத்தடி நீரை இறைப்பது ‘நீரெடுத்தல்’. சுரங்கத்துக்காக நிலம் கையகப்படுத்துவது ‘நிலமெடுப்பு’.

வாங்குதல்: பொங்கலுக்குத் துணி எடுத்தல்.

உண்டாதல்: பசி எடுத்தல், தாகம் எடுத்தல்.

உயர்த்துதல், அமைத்தல்: கோயில் எடுத்தல், விழா எடுத்தல். பாம்பு ‘படம் எடுப்பதும்’ இவ்வகை. ஒளிப்படக்காரர் ‘படம் எடுப்பது’ பதிவு செய்தல்.

மேற்கொள்ளுதல்: ஓய்வு, முடிவு, பிறவி எடுத்தல்.

இடவேறுபாடு: தமிழ்நாட்டில் ‘போன் எடுத்தான்’ என்றால் வந்த அழைப்பை ஏற்றான் என்று பொருள், இலங்கைத் தமிழில் ‘கோல் எடுத்தான்’ என்றால் அவனே அழைத்தான் என்று பொருள்.

பயன்பாடு: எச்சவினையோடு வரும்போது ‘எடு’ பெரும்பாலும் தன் நேர்ப்பொருளைக் காக்கும், பெயரோடு சேரும்போது அப்பெயரே பொருளைத் தீர்மானிக்கும். ஆகவே அகராதிகள் இதைத் தனிச்சொல்லாக மட்டுமன்றித் தொடர்களோடும் பதிவு செய்ய வேண்டும்.